வெறுங்கூட்டிலிருந்து ஒரு வண்டி

நமது சங்க ஏட்டில் கோயில் திருவிழாக்களைப் பற்றியும், பிள்ளைகளின் தமிழ்க் கல்வியைப் பற்றியும், சொந்த ஊர்ப் பிரயாணங்களைப் பற்றியும் அன்பர்கள் பலர் எழுதி வருகின்றனர். இவற்றினிடையே மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு கட்டுரையைக் காணும் வாசகர்கள் வியப்படையலாம். நாம் எஞ்சினீயர் அல்லோம்; பட்டறைத் தொழில் பயின்றோமும் அல்லோம். ரயில்வே காரியாலயம் ஒன்றில் கோப்புகளுக்கும் பதிவேடுகளுக்கும் இடையே பகற்பொழுதைக் கழிக்கும் எழுத்தர் உத்தியோகம் நமது. பள்ளியிறுதித் தேர்வுக்கு மேல் படிப்பும் இல்லை. அப்படிப்பட்ட நாம், சக்கரமும் இயந்திரமும் இல்லாத வெறும் இரும்புக் கூட்டிலிருந்து தொடங்கி, ஒரு வண்டியைப் பதினான்கு மாதத்தில் சாலையில் ஓடச் செய்தோம். அந்த முயற்சியில் பட்ட சிரமமும் பெற்ற அறிவும் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்குப் பயன்படக் கூடும் என்ற எண்ணத்தாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

நமது தந்தையார் நாகர்கோவிலை விட்டுத் திருவனந்தபுரத்துக்கு வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கெழுதியவர். 1984ஆம் ஆண்டில், பல வருஷச் சேமிப்பைக் கொண்டு நாகர்கோவிலில் ஒரு புல்லட் வாங்கினார். மாதம் ஒருமுறை தாயாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக ஊருக்குச் சென்று வருவார். குடும்பத்தில் நடந்த எல்லா நல்லது கெட்டதுக்கும் அந்த வண்டியே முன்னால் போய் நின்றது. 2016ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். பிறகு பழுது பார்ப்பதற்காக ஒரு பட்டறையில் விட்டோம். 2020ஆம் ஆண்டின் தொற்றுக் காலத்தில் அந்தப் பட்டறை மூடப்பட்டது. திரும்பி வந்தவை ஓர் இரும்புக் கூடும், இரண்டு சாக்கு மூட்டைகளும் மட்டுமே. மூட்டைகளில் இயந்திரம் பகுதி பகுதியாகக் கிடந்தது. கார்புரேட்டர், இருக்கை, வேகமானி, கைப்பிடித் தண்டு ஆகியவை காணவில்லை. கூட்டைப் பின்கட்டில் சாய்த்து வைத்தோம். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் அதன் மேல் பாகற்கொடி படர்ந்தது.

பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வாசலுக்கு வந்து கிலோக் கணக்கில் விலை பேசியபோது, தாயார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்றுவிட்டார். அன்றிரவே, விற்பதில்லை என்று நாம் தீர்மானித்தோம். ஆழம் தெரியாமல் காலை விட்டோம் என்பது மறுவாரமே விளங்கிற்று.

முன்னோடி ஒருவர்

மனம் தளர்ந்த வேளைகளில் நமக்கு ஊக்கம் தந்தவர் கோவை விஞ்ஞானி ஜி.டி.நாயுடு அவர்கள். 1893ஆம் ஆண்டில் கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்த அவருக்குப் பள்ளிப் படிப்பில் நாட்டம் இருக்கவில்லை. இளம் பிராயத்தில் வருவாய்த் துறை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு அதன் மீது மோகங் கொண்டார். அதனை வாங்குவதற்காகவே கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை செய்து பணம் சேர்த்தார். வண்டி கைக்கு வந்ததும் அவர் செய்த காரியம் அதனை முழுவதும் பிரித்துப் போட்டு, மீண்டும் கோத்தது. அதுவே அவருக்குத் தொழிற்கல்வி ஆயிற்று. 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கி, பின்னர் பெரிய பேருந்து நிறுவனம் ஒன்றையே நடத்தினார். 1937ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் கோவையில் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. ஓட்டலில் பரிமாறிய ஓர் இளைஞர் பிரித்துக் கோத்துக் கற்றுக்கொள்ள முடிந்ததெனில், குறிப்பெடுக்கும் பழக்கமுள்ள ஓர் எழுத்தருக்கு அது ஏன் இயலாது என்று நம்மையே கேட்டுக்கொண்டோம்.

நம் கையிலிருந்த வண்டியும் தமிழ்நாட்டில் பிறந்ததே. புல்லட் முதலில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துத் தயாரிப்பு. சுதந்திர இந்தியாவின் ராணுவம் எல்லைக் காவலுக்காக அவற்றை வாங்கியது. பின்னர் 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸும் ஆங்கிலக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தை அமைத்தன. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆரம்பத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கோத்தனர். சில ஆண்டுகளில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. இங்கிலாந்தில் அக்கம்பெனி 1970ஆம் ஆண்டோடு மறைந்தது. திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை. இயந்திரத்தின் அமைப்பும் நெடுங்காலம் பெரிதும் மாறாதிருந்தது. சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். இந்த மாறாத தன்மையினாலேயே நாற்பது ஆண்டு கழிந்த வண்டிக்கும் சாலைக் கடைத்தெருவில் பாகங்கள் கிடைக்கின்றன.

அறுக்கும் ரம்பமும் சட்டமும்

நமது மைத்துனர் இளைஞர். கூட்டைக் கண்டதும் அவருக்கு வேறோர் ஆசை பிறந்தது. பின்பகுதியை அறுத்துக் குட்டையாக்கி, முன்கால்களை நீட்டி, அமெரிக்கப் படங்களில் வரும் வண்டியைப் போல் செய்யலாம் என்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள், எடை குறைவதற்காக மட்கார்டுகளைக் கழற்றியும் குறுக்கியும் ஓட்டினர் என்பதும், 1960களில் முன்கால்களை நீட்டும் வழக்கம் பரவியது என்பதும் உண்மையே. படம் பார்க்க அழகாயிருந்தது. நாமும் சில நாள் மயங்கினோம்.

பேட்டையிலுள்ள ஒரு முதிய மெக்கானிக்கை, இங்குள்ள வழக்கப்படி ஆசான் என்றே எல்லோரும் அழைப்பர். அவரிடம் யோசனை கேட்டோம். அவர் கூட்டின் முன்கழுத்தைத் தட்டிக் காட்டி, "வண்டி நேராகப் போவது இந்தச் சாய்வினால்தான்" என்றார். விளக்கமும் தந்தார். கைப்பிடித் தண்டின் சாய்வுக்கோட்டைத் தரை வரை நீட்டினால், அது சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். அந்தச் சிறு இடைவெளியினால் சக்கரம் எப்பொழுதும் பின்னே இழுபட்டு நேராக நிற்கிறது. சாய்வை அளவு மீறிக் கூட்டினால் மெதுவாகத் திரும்புகையில் வண்டி கனத்துச் சாயும். கழுத்துப் பற்றவைப்பின் மீது தாக்கமும் அதிகரிக்கும். மேலும் அக்காலத்துப் புல்லட்டில் இயந்திரத்தின் அடியில் தொட்டில் போன்ற குழாய் கிடையாது. முன்குழாயையும் பின்பகுதியையும் இணைக்கும் பாலம் இயந்திரமே. இயந்திரம் இல்லாத கூட்டை அறுத்துப் பற்றவைத்தால், கோணல் விழுந்ததே தெரியாமற் போகும்.

சட்டமும் ஆசானின் பக்கமே நின்றது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்து 52ஆம் பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. கேரளத்தில் எழுந்த வழக்கொன்றிலேயே உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஜனவரியில் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தால், இவ்வாறு மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவனுக்கு இது விளையாட்டல்ல. வர்ணம், இருக்கைத் துணி போன்ற சிறு அழகுகளில் மட்டும் நம் விருப்பத்தைக் காட்டுவது. கூட்டில் ரம்பம் படக்கூடாது என்று முடிவு செய்தோம். மைத்துனர் இரண்டு மாதம் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இங்கே இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கூட்டைப் பதிவுப் புத்தகமின்றி வாங்க வேண்டாம். கூட்டிலும் இயந்திரத்திலும் பொறித்த எண்கள் இரண்டும் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் எவ்வளவு உழைத்தாலும் அது சாலைக்கு உரியதாகாது. களவுப் பொருளாகவும் இருக்கலாம்.

வேலை நடந்த வகை

ஞாயிற்றுக்கிழமைகளையும் வார ஓய்வு நாட்களையும் இதற்கென ஒதுக்கினோம். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் உதவிக்கு வந்தான். முதற்காரியமாக இரண்டு மூட்டைகளையும் அவிழ்த்து, ஒவ்வொரு துண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, தனித்தனி டப்பாவிலிட்டு, எண் ஒட்டி, குறிப்பேட்டில் பதிந்தோம். இவ்வளவே நமக்குத் தெரிந்த தொழில். ஆயினும் அதுவே பின்னர் பெருந்துணையாயிற்று. எது இருக்கிறது, எது இல்லை என்பதை அறியாமல் கடைக்குச் சென்றால் பணம் கரையும்.

முதற் படிப்பினை மரைகளிடமிருந்து வந்தது. அந்நாளையப் புல்லட்டின் நட்டு போல்ட்டுகள் பெரும்பாலும் பழைய ஆங்கில அளவைச் சேர்ந்தவை. பார்வைக்கு ஒத்திருந்த ஒரு மில்லிமீட்டர் போல்ட்டை நாம் வலிந்து முறுக்கியதில், அலுமினிய உறையின் மரை சிதைந்தது. லேத் பட்டறையில் அதைச் செப்பனிட 600 ரூபாய் ஆயிற்று. கையால் மூன்று சுற்று எளிதாக ஏறாத போல்ட்டுக்கு ஸ்பானர் இடுவதில்லை என்ற விதியை அன்று முதல் கடைப்பிடித்தோம்.

இரண்டாவது படிப்பினை, வர்ணம் பூசுவதற்கு முன்பே வண்டியை ஒருமுறை முழுவதும் கோத்துப் பார்க்க வேண்டும் என்பது. ஆசான் இதனை வற்புறுத்தினார். அவ்வாறு கோத்தபோது, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் கட்டிப் பார்த்து, இரண்டும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று சோதித்தோம். மட்கார்டின் தாங்கி ஒன்று வளைந்திருந்ததும், மைய நிலைத்தாங்கியின் துளை தேய்ந்திருந்ததும் அப்பொழுதே புலப்பட்டன. பற்றவைப்பையெல்லாம் முடித்த பின்னரே வர்ணத்துக்கு அனுப்பினோம். கடற்காற்றும், இடவப்பாதி மழையும், துலா மழையும் மாறி மாறி வரும் இவ்வூரில், துருவைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேல் பூசிய வர்ணம் ஓர் ஆண்டு கூட நிற்காது. கூட்டின் எண் பொறித்த இடத்தை மாத்திரம் தடித்த வர்ணம் மூடாதபடி காத்தோம்.

இயந்திர வேலையில் பாதியை ஆசானிடமே ஒப்படைத்தோம். தன் எல்லையை அறிவதும் கற்பவனுக்கு அவசியம். சிலிண்டர் தேய்ந்திருந்தமையால், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டனும் ரிங்கும் பொருத்தினார். கிராங்க் சக்கரங்களைப் பிரித்துப் பூட்டுவதற்குத் தக்க கருவியும் பழகிய கையும் வேண்டும். அதில் நாம் தலையிடவில்லை. சக்கரங்களில் கம்பி கோப்பதை நாமே செய்தோம். கோப்பது எளிது, சக்கரம் ஆடாமல் சுழலும்படி கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் சரிசெய்வதே கடினம். முன்சக்கரத்துக்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன.

ஒளிந்திருந்த குற்றம்

எல்லாம் கோத்தாயிற்று. அட்டைக் கறுப்பில் கூடு மின்னியது. தொட்டியில் பொன்னிறக் கோடு. பெட்ரோல் ஊற்றி உதைத்தோம். உதைத்தோம் என்பதை எத்தனை முறை எழுதினாலும் தகும். இயந்திரம் மூச்சுக் கூட விடவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறியே இல்லை. காயிலை மாற்றினோம், கண்டன்சரை மாற்றினோம், பாயிண்ட் இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்கும் 0.40க்கும் இடையே அளந்து வைத்தோம். பலனில்லை. இவ்வாறு மூன்று வாரம் கழிந்தது.

இதற்குள் செலவுக் கணக்கு 58,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஓடு மாற்றுவதற்கென்று போட்டு வந்த சீட்டுப் பணம் அதில் அடக்கம். அந்த வாரம் பெய்த மழையில் அடுக்களையில் ஒழுகிற்று. இல்லாள் ஒழுகும் இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டு, "கூரையைப் பாருங்க, அப்புறம் வண்டியைப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அதில் கோபம் இல்லை. ஆகையால் அதிகமாக உறைத்தது. தந்தையாரின் நினைவைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, அவர் ஒருநாளும் செய்யாத காரியத்தை, அதாவது வீட்டுத் தேவையைப் பின்னே தள்ளுவதை, நாம் செய்துவிட்டோமே என்று அன்று வெட்கினோம். அடுத்த போனஸ் கைக்கு வரும்வரை வண்டிக்கு ஒரு காசு செலவிடுவதில்லை என்று வாக்களித்தோம். ஓடு மாற்றிய பின்பே மறுபடி ஸ்பானரைத் தொட்டோம்.

ஒரு விதத்தில் அந்த இடைவெளி நன்மையே செய்தது. செலவில்லாமல் செய்யக் கூடியது சோதனை ஒன்றே ஆகையால், மின்கம்பிகளை ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அப்பொழுது மகன் ஒரு கேள்வி கேட்டான்: "அப்பா, பேட்டரியிலிருந்து மின்சாரம் வருகிறது; திரும்பிப் போகும் கம்பி எங்கே?" திரும்பும் வழி கூடுதான். பேட்டரியின் ஒரு முனையைக் கூட்டோடு இணைத்து, கூட்டையே கம்பியாகக் கொள்வது வாகனங்களின் வழக்கம். நாமோ அந்த இணைப்பு இடம் உட்பட மூலைமுடுக்கெல்லாம் தடித்த வர்ணம் பூசியிருந்தோம். வர்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு ரூபாய் அகலத்துக்கு உப்புத்தாளால் சுரண்டி, இணைப்பை மீண்டும் பூட்டினோம். நான்காவது உதையில் இயந்திரம் பேசிற்று. உள்ளிருந்து தாயார் ஓடி வந்தார். அந்த ஒலியை எட்டு ஆண்டுக்குப் பின் கேட்கிறார்.

எனினும் உடனே தெருவுக்கு எடுத்துச் செல்லவில்லை. ஓடச் செய்வதைவிட நிற்கச் செய்வது முக்கியம் என்பது ஆசானின் வாக்கு. இரு பிரேக்குகளின் ஷூக்களையும் புதிதாக மாற்றி, சந்தில் நடை வேகத்தில் பலமுறை நிறுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு நட்டையும் மீண்டும் இறுக்கினோம். ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் அதிர்வு, இறுக்கியதைத் தளர்த்திவிடும் ஆதலால், முதல் நூறு கிலோமீட்டரில் இதனை மூன்றுமுறை செய்ய வேண்டும்.

காகிதங்களின் பிரயாணம்

நம்மைப் போல் எல்லை தாண்டி வந்து குடியேறியவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். தந்தையார் இதனைச் செய்யாமலே விட்டுவிட்டார். சொந்த வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். நமது வண்டிக்கு அதுவும் தவறியிருந்தது. ஆகவே வாரிசுப் பெயர் மாற்றம், நாகர்கோவிலிலிருந்து தடையின்மைச் சான்று, இங்கே புதிய பதிவு, புதுப்பித்தல், தாமதக் கட்டணம், வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று என்று படிகள் பல ஏறினோம். கூட்டைக் கோக்க எடுத்த பொறுமையில் பாதி இதற்கும் தேவைப்பட்டது. அன்பர்களே, உங்கள் வீட்டில் தமிழ்நாட்டு எண்ணோடு வண்டி நின்றால், உரியவர் உயிரோடிருக்கும் போதே இதனை முடித்துக்கொள்ளுங்கள்.

சோதனை நாளில் அதிகாரி கூட்டின் எண் மீது காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, பதிந்த எழுத்துகளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். இயந்திர எண்ணையும் பார்த்தார். முன்கழுத்தைக் குனிந்து நோக்கினார். அறுத்து ஒட்டிய தழும்பு ஏதுமில்லை. கையொப்பம் இட்டார். உடன் வந்திருந்த மைத்துனர் நம் தோளில் கை வைத்து, "அத்தான், அன்று நீங்கள் ரம்பத்தைத் தராதது நல்லதாயிற்று" என்றார். தொட்டியின் பொன்னிறக் கோடு அவர் கைவண்ணமே என்பதை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும்.

மொத்தச் செலவு 64,350 ரூபாய். அந்த விலைக்கு ஓடும் நிலையிலேயே வேறொரு பழைய வண்டி கிடைத்திருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. லாபம் கருதி எவரும் இதில் இறங்க வேண்டாம்.

தந்தையாரின் ஆண்டுத் திதிக்கு முன்தினம், தாயாரை ஊர்வரை வண்டியிலேயே அழைத்துச் செல்ல எண்ணினோம். முழங்கால் வலியினால் அவர் இணங்கவில்லை. "மக்கா, கரமனைப் பாலம் வரைக்கும் கொண்டு போ, போதும்" என்றார். தலைக்கவசம் அணிவித்து, பின்னால் அமர்த்தி, மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மிகாமல் சென்றோம். பாலத்தின் அருகே நிறுத்தச் சொல்லி, ஆற்றைச் சற்று நேரம் பார்த்திருந்தார். பின்பு, அப்பா ஓட்டும்போது இவ்வளவு மெதுவாகப் போனதே இல்லை என்று சிரித்தார். மறுநாட் காலை அவர் இல்லாளோடு ரயிலில் புறப்பட்டார். நாம் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சாலை வழியே சென்றோம். களியக்காவிளையில், தந்தையார் வழக்கமாக நிறுத்தும் திருப்பத்தில் நிறுத்தித் தேநீர் அருந்தினோம். மகன் தன் குறிப்பேட்டை எடுத்து, கிலோமீட்டரை எழுதிவிட்டு, ஸ்பானரோடு நட்டுகளைச் சோதிக்கக் குனிந்தான்.